பொத்தான் மாட்டாத நீர்யானையார்

அந்தத் தெருவில் அவனுக்குப் பென்சில் என்று பெயர். காதில் எப்போதும் ஒரு பென்சில் செருகியிருக்கும். ஆளும் கிட்டத்தட்ட அதே வாகுதான். கீழே சாவிக்கடை வைத்திருப்பவர் 'பென்சில் சார்' என்பார், ரொட்டிக்கடைப் பெண் 'பென்சில் அண்ணே' என்பாள், வங்கிக் காவலாளி வெறும் பென்சிலோடு நிறுத்திக்கொள்வார். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. அதைச் சொல்லிக் கூப்பிட்டால், வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று அவன் பாட்டுக்குப் போய்விடுவான். அக்கா மட்டும் அவனை 'டேய்' என்பாள். ஐம்பதைத் தாண்டியவனை டேய் போட ஓர் ஆள் இருப்பது எவ்வளவு பெரிய சொத்து என்று அப்போது அவனுக்குத் தெரியாது.

குழந்தைகள் வாரப் பத்திரிகை ஒன்றின் கடைசிப் பக்கத்துக்குப் படம் போடுவது அவன் வேலை. அந்தப் பக்கத்தில் மனிதர்கள் கிடையாது. மிருகங்கள்தான், ஆனால் எல்லோருக்கும் சட்டை உண்டு, செருப்பு உண்டு, வேலைவெட்டி உண்டு. மரியாதைக்கும் குறைச்சல் இல்லை: தவளையார், மரங்கொத்தியார், கொக்கார். ஒரு தவளை குடையை எந்தக் கையில் பிடிக்க வேண்டும் என்று காலை முழுக்க மண்டையை உடைத்துக்கொண்டு, அதை வேலை என்று வெளியே சொல்லிக்கொள்ளக் கொஞ்சம் துணிச்சல் வேண்டும். அவனுக்கு அது இருந்தது.

எந்த மிருகத்தையும் அவன் சும்மா வரைந்ததில்லை. ஒவ்வொன்றுக்கும் உள்ளே ஓர் ஆள் இருக்க வேண்டும். பேருந்து நிறுத்தத்தில், தபால் நிலைய வரிசையில், முடி வெட்டும் கடையில் ஆட்களைப் பார்த்துப் பார்த்துக் கிறுக்குவான். ஒற்றைக் காலில் சாய்ந்து நிற்கும் வங்கிக் காவலாளிதான் கொக்கார். சாவியை ராவும்போது தலையை முன்னும் பின்னும் ஆட்டும் கீழ்க்கடைக்காரர்தான் மரங்கொத்தியார். அவருக்கு இது தெரியும். தெரிந்ததோடு விடாமல், சாவி செய்ய வருகிறவர்களிடமெல்லாம் அந்தப் பக்கத்தை எடுத்துக் காட்டி, "யாருன்னு தெரியுதா?" என்று மூக்கைத் திருப்பிக் காட்டுவார்.

எல்லோரிலும் பெரிய ஆள் நீர்யானையார். அவருக்குக் கையில்லாத ஒரு கோட்டு, அதில் ஒரே ஒரு பொத்தான். வாராவாரம் அவர் எங்கேயாவது அவசரமாகக் கிளம்புவார். ரயிலைப் பிடிக்க, வேலைக்கு நேர்முகம் போக, யாருக்கோ பரிசு கொடுக்க. வயிற்றை எக்கி, மூச்சைப் பிடித்து, தவளையாரைத் தோளில் ஏற்றி இழுக்கச் சொல்லி, எப்படியோ பொத்தானை மாட்டிவிடுவார். கடைசிப் படத்தில் அது தெறித்து, யாருடைய சூப்பிலோ தொப்பியிலோ போய் விழும். ரயில் போய்விடும். குழந்தைகளுக்கு இது அலுக்கவே இல்லை. பத்திரிகையின் முக்கால்வாசி விற்பனை அந்தத் தொப்பையில்தான் நிற்கிறது என்று ஆசிரியரே சொல்வார்.

அந்த நீர்யானையார்தான் அக்கா.

இந்த விஷயம் உலகத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். அக்கா ஒரு சலவைக்கூடத்தில் வேலை பார்த்தாள். ஆஸ்பத்திரிகளிலிருந்தும் விடுதிகளிலிருந்தும் வண்டி வண்டியாக வரும் போர்வைகளைச் சூடான இஸ்திரி உருளைகளுக்கு நடுவே கொடுத்து, மறுபக்கம் வாங்கி, மூலை மூலையோடு சேர்த்து மடிக்க வேண்டும். அங்கே சுவரில் நீர்யானையார் பக்கத்தைக் கிழித்து ஒட்டியிருந்தார்கள். கூட வேலை பார்க்கிற பெண்கள் அதைப் பார்த்துச் சிரிப்பார்கள். அக்காவும் சேர்ந்து சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்து சொல்வாள்: "என் தொப்பைய சுவத்துல ஒட்டி வச்சுட்டு, என்கிட்டயே வந்து பாருங்க பாருங்கன்னு காட்டுறாளுங்கடா. நானும் பாத்து பாத்து சிரிக்கிறேன். எனக்கு வெக்கமே கெடையாது போ."

அவள் புருஷன் கல்யாணமான கொஞ்ச காலத்திலேயே போய்விட்டார். அன்றிலிருந்து அக்காவும் தம்பியும் சாவிக்கடைக்கு மேலே இரண்டு அறைகளில் இருந்தார்கள். ஓர் அறையில் அக்காவின் கட்டில், அடுப்பு, ஜன்னலோரம் ஒரு மேஜை. இன்னொன்றில் அவனுடைய சாய்வுப் பலகை, காகிதக் கட்டு, மை புட்டிகள், சுவரில் மிருகங்களின் மாடல் ஷீட்டுகள். ஒவ்வொரு மிருகத்துக்கும் ஒரு தாள் உண்டு. முன்னாலிருந்து, பக்கத்திலிருந்து, பின்னாலிருந்து எப்படி இருக்கும், தலை இவ்வளவு என்றால் உடம்பு எவ்வளவு, காது எங்கே முளைக்கிறது, எல்லாம் அதில் இருக்கும். இந்த வாரம் ஒரு மாதிரி, அடுத்த வாரம் ஒரு மாதிரி என்று ஆகிவிடக்கூடாதே என்பதற்காக வரைந்து வைத்துக்கொள்வது. ஒரு பிரதி ஆசிரியரின் அறையிலும் தொங்கியது.

காலையில் அக்கா டீ போட்டு, ஒரு எவர்சில்வர் டம்ளரில் தனக்கு ஊற்றி மேஜைமேல் வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பாள். சூடாகக் குடிக்க மாட்டாள். நாள் முழுக்க ஆவியில் வேகப் போகிறவளுக்கு, வீட்டிலாவது எல்லாம் ஆறியிருக்க வேண்டும். அந்த டீ ஆறுகிற நேரம்தான் அவனுடைய பயிற்சி. எதிரே உட்கார்ந்து அக்காவை வரைவான். ரப்பர் கிடையாது, அளவுகோல் கிடையாது. தப்பாக விழுந்த கோட்டின் பக்கத்திலேயே சரியான கோட்டைப் போட வேண்டும், அவ்வளவுதான். கால்மேல் கால் போட்டிருக்கிற அக்கா, கொட்டாவி விடுகிற அக்கா, வேலைக்கோட்டின் பொத்தானோடு மல்லுக்கட்டுகிற அக்கா. வரையும்போது அவன் முகமும் அவள் முகம் மாதிரியே போகும். அவள் உதட்டைப் பிதுக்கினால் இவனுக்கும் பிதுங்கும். அவள் டம்ளரைக் கையில் எடுத்துவிட்டால் பயிற்சி முடிந்தது.

"டம்ளர எடுத்தாச்சு. பென்சில வைடா."

வைத்துவிடுவான். பிறகு அடுத்த அறைக்குப் போய், அக்காவை நீர்யானையாக்குவான்.

ஒரு மழைக்காலத்தில் ஆசிரியர் போன் பண்ணினார்.

"என்ன பென்சில், நம்மாளு ரொம்ப வாடிட்டாரே?"

"யாரு சார்?"

"நீர்யானையார்தான். போன வாரம் பாத்தேன், அதுக்கு முந்தின வாரமும் பாத்தேன். தொப்பையக் காணோம். பொத்தான் தெறிக்கிற மாதிரியே இல்ல, கழண்டு விழற மாதிரி இருக்கு. மாடல் ஷீட்டப் பக்கத்துல வச்சுப் பாருங்க."

வைத்துப் பார்த்தான். அவர் சொன்னது நிஜம்தான். தாளில் இருந்த நீர்யானையாருக்கும் சமீபத்தில் போட்ட நீர்யானையாருக்கும் அண்ணன் தம்பி வித்தியாசம் இருந்தது. கன்னம் உள்ளே போயிருந்தது, தோள்பக்கம் கோட்டு தொளதொளவென்று நின்றது. அவன் அப்படி வரைய வேண்டும் என்று நினைத்து வரையவே இல்லை. கை தானாகப் போட்டிருந்தது.

படம் போடுகிறவனுக்கு ஒரு பயம் எப்போதும் உள்ளே உட்கார்ந்திருக்கும்: கண் போய்விடுமோ, கை போய்விடுமோ. வேறு தொழில் தெரியாது. வயதும் ஆகிவிட்டது. சரி, நமக்கு ஆரம்பித்துவிட்டது என்று முடிவு கட்டிவிட்டான். பிரச்சினை தன்னிடம்தான் என்பதில் அவனுக்குத் துளி சந்தேகமும் வரவில்லை. வந்திருக்கலாம்.

கண்ணாடிக்கடைக்குப் போய்க் கண்ணைச் சோதித்தான். கண்ணாடிக்காரர் எழுத்துகளைப் படிக்கச் சொன்னார், விளக்கடித்துப் பார்த்தார், ஒன்றும் பெரிதாக இல்லை என்றார்.

"இல்ல சார், ஏதோ இருக்கு. ஒல்லியாத் தெரியுது."

"எல்லாமே ஒல்லியாத் தெரியுதா? இல்ல, ஏதாவது ஒண்ணு மட்டுமா?"

அவன் கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஒண்ணுதான். ஒரு நீர்யானை" என்றான்.

கண்ணாடிக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். "நீர்யானை ஒல்லியாத் தெரிஞ்சா கண்ணுல கோளாறு இல்ல சார். நீர்யானையத்தான் டாக்டர்கிட்ட காட்டணும்."

இவனும் சிரித்தான். நல்ல ஜோக் என்று வீட்டுக்கு வந்து அக்காவிடமும் சொன்னான். அவள் சிரித்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே குனிந்திருந்தாள். சிரித்ததால்தான் பிடித்துக்கொண்டாள் என்று அவன் நினைத்தான்.

புதுக் கண்ணாடி வந்தது. அதைப் போட்டுக்கொண்டு வரைந்தாலும் நீர்யானையார் ஒல்லியாகத்தான் வந்தார். கடைசியில் ஒரு குறுக்குவழி கண்டுபிடித்தான். அக்காவின் எவர்சில்வர் டம்ளரை மாடல் ஷீட்டின்மேல் கவிழ்த்தால் அதன் வாய் தொப்பையின் வட்டத்தோடு கச்சிதமாகப் பொருந்தியது. அதைக் காகிதத்தில் கவிழ்த்துச் சுற்றிப் பென்சிலை ஓட்டினால் முடிந்தது. தொப்பை திரும்பி வந்துவிட்டது. கன்னத்துக்கு ஒரு காசை வைத்துக்கொண்டான். ஆசிரியர் போன் பண்ணி, "இதுதான்யா நம்மாளு" என்றார். அவனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

காலைப் பயிற்சியை மட்டும் விடவில்லை. ஆனால் டீ ஆறுகிற நேரத்தில் கை என்ன போட்டதோ அதை அவன் நம்புவதில்லை. பார்க்காமலே மூடி வைத்துவிட்டு டம்ளரிடம் போய்விடுவான். கழுவி வைக்கத்தான் வைத்தான். அப்படியும் விளிம்பில் கொஞ்சம் கரி தங்கிவிடும். அக்கா டீயைக் குடித்துவிட்டுக் கீழே போனால் சாவிக்கடைக்காரர், "அக்கா, உதட்டுல என்னமோ கரி" என்பார். துடைத்துக்கொண்டு மேலே பார்த்துக் கத்துவாள்: "டேய், என் டம்ளர வச்சு என்னடா பண்றே?" அவன் ஒன்றும் தெரியாதவன்போல ஜன்னலை விட்டு நகர்ந்துவிடுவான். தன் கண் போய்விட்டது என்பதை அவளிடம் சொல்ல அவனுக்குக் கூச்சம்.

இதற்கிடையில் சலவைக்கூடத்துப் பெண்கள் அக்காவைப் பிடித்துக்கொண்டார்கள். என்ன சாப்பிடுகிறீர்கள், எப்படி இளைத்தீர்கள், எங்களுக்கும் சொல்லுங்கள் என்று ஒரே நச்சரிப்பு. அக்கா ஒரு நாள் காலை, டீயை வைத்துவிட்டு, உட்காராமல் நின்றாள். வேலைக்கோட்டைப் போட்டிருந்தாள். அதன் பொத்தானை அவள் உள்ளே தள்ளித் தைத்திருந்தது அவனுக்குத் தெரியாது.

"டேய், நெசமா பாத்துச் சொல்லு. நான் இளைச்சிருக்கேனா?"

அவன் பென்சிலைக் காதிலிருந்து எடுத்து, கையை நீட்டி, ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்தான். கழுத்து தெரிந்தது. அந்தக் கழுத்தை அவன் அதற்கு முன்னால் பார்த்ததே இல்லை. தோள்பட்டையில் எலும்பு முட்டிக்கொண்டிருந்தது. எல்லாம் தெரிந்தது. தெரிந்ததும், ஐயோ, கண் இவ்வளவு மோசமாகிவிட்டதா என்றுதான் நினைத்தான். கதவு வழியாக அடுத்த அறைச் சுவரில் மாடல் ஷீட் தெரிந்தது. அதை ஒரு தரம் பார்த்தான், அவளை ஒரு தரம் பார்த்தான்.

"இல்லையே. அப்படியேதான் இருக்கே."

"அவளுங்க சொல்றாளுங்க."

"அவளுங்களுக்கு என்ன தெரியும்? தினம் உன்ன வரையறவன் நான்."

அக்கா முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. பயந்துகொண்டிருந்தவள் முகத்தில் வருகிற நிம்மதி. "அதானே. நீ சொன்னா சரி" என்று உட்கார்ந்தாள். "ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பாக்கலாமான்னு நெனச்சேன். வயிறு ஒரு மாதிரி இருக்கு. படி ஏறி எறங்குறதாலதான் இருக்கும், விடு." டம்ளரை எடுத்துக்கொண்டாள். அவன் பென்சிலை வைத்துவிட்டான்.

அக்கா விழுந்தது வெயில் காலத்தில், சலவைக்கூடத்தில், உருளைகளுக்குப் பக்கத்தில். போர்வையின் ஒரு முனை அவள் கையிலும் மறுமுனை கூட மடிக்கிற பெண் கையிலும் இருந்தது. அக்கா கீழே போனதும் போர்வையும் கூடவே போனதாகவும், அதை விடாமல் பிடித்திருந்ததால்தான் தலை தரையில் மோதவில்லை என்றும் அந்தப் பெண் அவனிடம் அழுதுகொண்டே சொன்னாள். "தூக்கினப்போ கனமே இல்லீங்க" என்றும் சொன்னாள். அந்த ஒரு வார்த்தையில் அவன் ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டான்.

டாக்டர் சின்னப் பெண். ஸ்கேன் படங்களை விளக்கில் பிடித்துப் பார்த்துவிட்டு அவனைத் தனியாகக் கூப்பிட்டாள். வயிற்றில் கட்டி, ஈரலுக்கும் போய்விட்டது, அறுப்பதற்கான கட்டம் தாண்டிவிட்டது.

"எப்பலேருந்து இளைக்க ஆரம்பிச்சாங்க? தோராயமா சொன்னாப் போதும்."

மற்ற வீடுகளில் இந்தக் கேள்விக்குப் பதில் கிடைப்பதில்லை என்பது அவள் கேட்ட விதத்திலேயே தெரிந்தது. அவனுக்குத் தோராயம் தேவைப்படவில்லை.

"போன மழை ஆரம்பிச்சப்போ. மொதல்ல கன்னம். அப்புறம் தோள். தொப்பை கடைசியாத்தான் போச்சு."

டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள். "இவ்வளவு கவனிச்சிருக்கீங்க. அப்பவே கூட்டிட்டு வந்திருக்கலாமே."

தன் கண் ஒரு குறையும் இல்லாத கண் என்பது, ஆஸ்பத்திரி நடைபாதையில் நின்றுகொண்டிருந்தபோது அவனுக்கு உறைத்தது. அது ஒரு கோடுகூடத் தப்பாகப் பார்த்ததில்லை. அது சொன்னதையெல்லாம் டம்ளரைக் கவிழ்த்து மூடியவன் அவன்தான். அங்கேயே, போகிற வருகிறவர்கள் பார்க்க, சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுதான். ஒரு நர்ஸ் வந்து நாற்காலியைக் காட்டிவிட்டுப் போனாள்.

அக்காவுக்கு ஜன்னலோரப் படுக்கை கிடைத்தது. முதல் வேலையாகப் போர்வையின் மூலையைத் தூக்கி மடிப்பைப் பார்த்தாள்.

"நம்ம எடத்துலேருந்து வந்ததுதான். ஓரத்துல பச்ச நூல் இருக்கு பாரு. மூலை சேரல. நான் இல்லேன்னதும் எப்படி மடிக்கிறாளுங்க பாத்தியா?"

அவளிடம் டாக்டர் சொல்லிவிட்டிருந்தாள். அக்கா அதைப் பற்றிப் பேசவில்லை, அழவுமில்லை. ரொட்டிக்கடைப் பெண் கொண்டுவந்த பழங்களைப் பக்கத்துப் படுக்கைக்காரிக்குக் கொடுத்தாள், சாவிக்கடைக்காரர் வந்தபோது மரங்கொத்தி மாதிரி தலையை ஆட்டிக் காட்டச் சொல்லிச் சிரித்தாள். அவர் போனபிறகு தம்பியிடம் திரும்பினாள்.

"ஏண்டா, வரையறத விட்டுட்டியா?"

"விடல."

"அப்புறம் ஏன் சும்மா ஒக்காந்திருக்கே? தினம் வரைவியே. எனக்கு இங்க பொழுதே போகல. நாளைக்கு வரும்போது என் டம்ளர எடுத்துட்டு வா, பிளாஸ்க்ல டீ கொண்டா. காகிதமும் எடுத்துட்டு வா."

மறுநாள் எல்லாவற்றையும் கொண்டுபோனான். டீயை டம்ளரில் ஊற்றிப் படுக்கைக்குப் பக்கத்துப் பெட்டிமேல் வைத்தான். மதிய வெளிச்சம் நன்றாக இருந்தது. மடியில் பலகையை வைத்துக்கொண்டு பென்சிலை எடுத்தவன், அவளைப் பார்க்காமலே வரைந்தான். இத்தனை வருஷக் கை, பார்க்கத் தேவையில்லை. கொழுகொழுவென்று நீர்யானையார் வந்து நின்றார், பொத்தான் தெறித்துப் பறந்துகொண்டிருந்தது. அவளிடம் காட்டினான்.

அக்கா படத்தைக் கையில் வாங்கி, தூர வைத்துப் பார்த்து, திருப்பிக் கொடுத்தாள்.

"இது நான் இல்லடா. இது என் டம்ளர்."

அவனுக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. "உனக்கு எப்படித் தெரியும்?"

"உதட்டுல கரியோட எத்தன நாள் வேலைக்குப் போயிருக்கேன். எனக்குத் தெரியாதா? எதுக்குன்னுதான் புரியல. உனக்குக் கை நடுங்குது போல, எங்கிட்ட சொல்ல வெக்கப்படுறேன்னு நெனச்சேன். சரி, அவனா சொல்லட்டும்னு விட்டுட்டேன்."

அவன் அவளுக்கு ஒன்றுமில்லை என்று நினைத்திருக்கிறான், அவள் அவனுக்கு ஏதோ என்று நினைத்திருக்கிறாள். ஒரே மேஜையின் இரண்டு பக்கம் உட்கார்ந்துகொண்டு.

"இப்பப் பாத்து வரை" என்றாள் அக்கா. "டீ ஆறிட்டிருக்கு."

அவன் பார்த்தான். இந்த முறை எதையும் மூடவில்லை. கண்ணுக்குக் கீழே இருந்த குழியைப் போட்டான், கன்னத்து எலும்பைப் போட்டான், தலையணையில் அழுந்தாமல் கிடந்த தலையைப் போட்டான். ஆஸ்பத்திரிச் சட்டையைக் கையில்லாத கோட்டாக மாற்றினான். காதைச் சின்னதாக, நீர்யானைக் காதாக வைத்தான், ஏனென்றால் அவளுக்கு அது பிடிக்கும். தோல் மடிப்பு மடிப்பாகத் தொங்கியது. தொப்பை இருந்த இடத்தில் கோட்டு பள்ளமாக விழுந்தது. பார்க்கப் பார்க்க அவன் கன்னமும் அவள் கன்னம் மாதிரியே உள்ளே போயிற்று. கண்ணீர் காகிதத்தில் விழுந்து ஒரு காலை அழித்தது. ரப்பர் கிடையாது என்பதால் அதன் பக்கத்திலேயே இன்னொரு கால் போட்டான்.

அவள் வாங்கி, கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். பிறகு சுண்டுவிரலால் படத்தில் ஓர் இடத்தைத் தொட்டாள்.

"பொத்தான் மாட்டிடுச்சே."

அவன் எட்டிப் பார்த்தான். மாட்டியிருந்தது. அவன் கவனிக்கவே இல்லை. இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக நீர்யானையாரின் கோட்டில் பொத்தான் தன் ஓட்டையில் அமைதியாக உட்கார்ந்திருந்தது.

"இந்த வாரம் ரயிலப் புடிச்சுடுவாரு" என்றாள் அக்கா. கொஞ்சம் சிரித்து, இருமி, தலையணையில் சாய்ந்தாள். சாய்ந்தபடியே கேட்டாள்: "இப்பச் சொல்லு. நான் இளைச்சிருக்கேனா?"

அவள் காத்திருந்தாள்.

"இளைச்சுட்டே அக்கா. ரொம்ப இளைச்சுட்டே."

"ம்" என்றாள். "இத அன்னைக்கே சொல்லியிருக்கலாம்லடா."

கோபமாகச் சொல்லவில்லை. கடைக்குப் போனவன் உப்பு வாங்க மறந்து வந்தால் சொல்வாளே, அந்தக் குரலில்தான் சொன்னாள். சொல்லிவிட்டு அவன் தலையில் கையை வைத்தாள். கை வைத்ததே தெரியவில்லை, அவ்வளவு லேசாக இருந்தது. டீ ஆறிப்போய்விட்டது. அவளால் குடிக்க முடியாது என்பதால் அவன் குடித்தான்.

அந்த வாரமே அக்கா போய்விட்டாள்.

பொத்தான் மாட்டிய படத்தை அவன் மையில் எடுத்து, கடைசிப் பக்கமாகப் பத்திரிகைக்குக் கொண்டுபோனான். நீர்யானையார் ரயிலில் உட்கார்ந்திருந்தார். கீழே நடைமேடையில் தவளையாரும் மரங்கொத்தியாரும் கொக்காரும் நின்றிருந்தார்கள். ஆசிரியர் கெட்ட மனிதர் இல்லை. துக்கம் விசாரித்தார், தண்ணீர் கொடுத்தார், பக்கத்தை வெகு நேரம் பார்த்தார்.

"நல்லா வந்திருக்கு பென்சில். ஆனா பொத்தான் மாட்டிக்கிச்சுன்னா, அடுத்த வாரம் என்ன பண்றது? புள்ளைங்க பயந்துடும்யா. இத நீங்க வச்சுக்குங்க. மாடல் ஷீட்டப் பாத்து வேற ஒண்ணு போட்டுக் குடுத்துடுங்க."

அவன் சண்டை போடவில்லை. அவர் சொல்வதிலும் நியாயம் இருந்தது. அந்தப் பிள்ளைகளுக்கு யாருடைய அக்காவையும் தெரியாது. வீட்டுக்கு வந்து, எவர்சில்வர் டம்ளரைக் காகிதத்தில் கவிழ்த்து, சுற்றிப் பென்சிலை ஓட்டினான். வட்டம் பிசகில்லாமல் வந்தது. அதற்கு ஒரு கோட்டு போட்டான், பொத்தானைத் தெறிக்க வைத்தான், சூப்பில் விழ வைத்தான். மை காய்கிற நேரத்தில் டீ போட்டு அதே டம்ளரில் ஊற்றி, எதிர்ப்பக்கம் நாற்காலி காலியாக இருக்க, ஆறும்வரை உட்கார்ந்திருந்து குடித்தான்.

பக்கத்தை எடுத்துக்கொண்டு கீழே இறங்கியபோது சாவிக்கடைக்காரர் ராவுவதை நிறுத்திவிட்டு அவனைப் பார்த்தார்.

"பென்சில் சார், உதட்டுல கரி."

"தெரியும்" என்று சொல்லிவிட்டு, துடைக்காமல் பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தான்.